வெப்பமின்னிரட்டை

வெவ்வேறான இரண்டு உலோகக் கம்பிகளை இரு முனையிலும் முறுக்கிச் சேர்த்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிரிலும் வைத்தால் கம்பிகளில் மின்னோட்டம் பாயும். இந்தக் கம்பிச் சோடிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இட்ட பெயர் வெப்பமின்னிரட்டை. இலங்கைப் பாடநூல்களில் அது வெப்பவிணை. கோவை பவுண்டரிகளில் இரண்டும் வழக்கில் இல்லை, அங்கே தெர்மோகப்பிள்தான். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுமுன், நீண்ட கோலின் நுனியில் அட்டைக்குழல் மாட்டி உலைக்குள் முக்குவார்கள். குழல் நுனியில், சிறு குவார்ட்சுக் குழாய்க்குள், மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பியும் பிளாட்டின-ரோடியக் கம்பியும் இணைந்திருக்கும். சில நொடிகளில் 1,400 டிகிரியை ஒட்டிய எண் திரையில் வந்துவிடும். அதோடு அந்த நுனியின் ஆயுள் முடிந்தது.

சொல்லின் மூன்று உறுப்புகளில் ‘மின்’ பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியம் புள்ளிமயங்கியலிலேயே அது பெயர்ச்சொல்லாக வருகிறது. அன்று அது வானத்து மின்னலைக் குறித்தது. ‘வெப்பம்’ வெம்மையின் வழி வந்தது. இரண்டும் சேர்ந்தது ஐரோப்பியப் பெயரைப் பின்பற்றித்தான். அந்தப் பெயரும் ஒரு திருத்தத்தில் பிறந்ததே. 1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக், இரு உலோக வளையத்தின் ஒரு முனையைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி விலகியது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் கருதி ‘வெப்பக் காந்தம்’ என்ற பொருளில் பெயரிட்டார். ஊசியை விலக்கியது வளையத்தில் ஓடிய மின்னோட்டம் என்று கண்டு ‘வெப்பமின்’ என்ற பெயரைத் தந்தவர் டேனிஷ் அறிவியலர் ஓர்ஸ்டெட்.

இத்தகைய சொற்களைத் தமிழாக்கும் முயற்சியில் கொங்கு நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினர். 1940களின் இறுதியில் கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ மாத இதழ், அறிவியலை நல்ல தமிழில் எழுத முடியும் என்பதை மாதந்தோறும் காட்டியது.

வெப்பமின்னிரட்டை என்ற பெயரில் வெப்பம் இருக்கிறது, குளிர் இல்லை. ஆனால் மின்னழுத்தத்தைத் தருவது இரு முனைகளுக்கிடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு. ஒரு முனையைக் குளிர்வித்தாலும் அது வரும். கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான காங்கேயம் காளையின் உறைவிந்துக் குச்சிகள், மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜன் கேனில் இருக்கும். குரோமல், அலுமல் என்ற இரு உலோகக்கலவைக் கம்பிகளாலான சோடியின் ஒரு முனையைப் பனிக்கட்டியில், அதாவது 0 டிகிரியில், வைத்து மறுமுனையை அந்தக் கேனில் இறக்கினால் கிடைப்பது சுமார் 5.8 மில்லிவோல்ட். அதே முனையை 196 டிகிரிக்குச் சூடேற்றினால் சுமார் 8 மில்லிவோல்ட். வேறுபாடு ஒன்றே, குளிர்ப்பக்கம் தருவது குறைவு. 0 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 39 மைக்ரோவோல்ட்டாக இருக்கும் உணர்திறன், மைனஸ் 200இல் 15 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இதன் காரணம் ஆழமானது. ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தமான சீபெக் எண், அடிப்படையில் எலெக்ட்ரான்கள் அலகு மின்னூட்டத்துக்குச் சுமந்து செல்லும் என்ட்ரோப்பியின் அளவே. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதிப்படி, தனிச்சுழியை நெருங்க அது சுழியாக வேண்டும். இறக்கம் சீரானதல்ல. வழியில், படிக அதிர்வுகள் எலெக்ட்ரான்களைத் தம்மோடு இழுத்துச் செல்வதால் பல உலோகங்களில் ஒரு மேடு தோன்றி மறையும். மீக்கடத்தியிலோ சீபெக் எண் முற்றிலும் சுழி.

குளிரைக் கொண்டு மின் உற்பத்தி செய்யச் சீபெக் எண்ணின் இந்தச் சரிவு பெரிய தடை. 30 டிகிரி அறைக்கும் திரவ நைட்ரஜனுக்கும் இடையே கார்னோ எல்லை, அதாவது எட்டக்கூடிய உச்சத் திறன், ஏறத்தாழ 75 விழுக்காடு; பவுண்டரிக் கழிவு வெப்பத்துக்குக்கூட இவ்வளவு எளிதில் வாய்க்காத எல்லை. அதில் மிகச் சிறு பங்கையே பொருட்கள் பிடித்துத் தருகின்றன. அறை வெப்பநிலையில் முதலிடம் வகிக்கும் பிஸ்மத் டெலுரைடு, குளிரக் குளிர வலுவிழக்கிறது. திரவ நைட்ரஜனின் குளிரில், 80 கெல்வினை ஒட்டி, அதன் இடத்துக்கு வருவது பிஸ்மத்-ஆன்டிமனி உலோகக்கலவை; காந்தப்புலத்தில் வைத்தால் அதன் திறன் இன்னும் கூடும் என்று பெல் ஆய்வகத்தின் ஸ்மித்தும் வுல்ஃபும் 1962இல் காட்டினர்.

சிக்கல் ‘இரட்டை’ என்ற உறுப்பில் இருக்கிறது. மின்னாக்கி நன்கு இயங்க, மின்னோட்டத்தை எலெக்ட்ரான்கள் கடத்தும் கால் ஒன்றும், எலெக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்களான துளைகள் கடத்தும் கால் ஒன்றும் வேண்டும். பிஸ்மத்-ஆன்டிமனி நல்ல எலெக்ட்ரான் கால். அதே குளிரில் அதற்கு ஈடான துளைக் கால் இல்லை. 2000இல் வெளியான சீசியம் பிஸ்மத் டெலுரைடு 225 கெல்வினில், பொருளின் வெப்பமின் திறனைக் காட்டும் தகுதி எண் 0.8 தந்து இடைவெளியைக் குறைத்தது. ஆனால் 80 கெல்வின் அதற்கும் வெகு கீழே. வெப்பமின் ஆய்வாளர் கோல்ட்ஸ்மிட்டின் குழுவினர் 1988இல் வேறு வழி சொன்னார்கள்: உயர் வெப்பநிலை மீக்கடத்தியையே இரண்டாம் காலாக வைப்பது. மீக்கடத்தும் குளிரில் அது மின்னழுத்தம் எதுவும் தராது. மின்தடையால் இழப்பும் சேர்க்காது. சோடியில் ஒன்று மட்டுமே உழைக்கும்.

அளவிடும் வேலைக்கு மட்டும் குளிர் முழுத் தடையல்ல. திரவ ஹீலியத்தின் வெப்பநிலையை ஒட்டி, 0.07 அணு விழுக்காடு இரும்பு கலந்த தங்கக் கம்பியைக் குரோமலோடு சேர்க்கிறார்கள். அந்தச் சிறிது இரும்பின் காந்த அணுக்கள் எலெக்ட்ரான்களைச் சிதறடிக்கும் விதத்தால், சாதாரணச் சோடிகள் ஏறக்குறைய ஊமையாகும் 5 கெல்வினிலும் இந்தச் சோடி டிகிரிக்கு 10 மைக்ரோவோல்ட் அளவில் தருகிறது.