ஹாஸ்பிட்டல் (ஆங்கிலச் சொல்)

ஹாஸ்பிட்டல் என்பது நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் நிறுவனத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லாகும். தமிழர் எழுத்தில் மருத்துவமனை என்றும் பேச்சில் ஆஸ்பத்திரி என்றும் வழங்குவது இதனையே. விருந்தினரையும் அவரை வரவேற்று உபசரிப்பவரையும் ஒருங்கே குறித்த 'ஹாஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, விருந்தினர் தங்குமிடம் எனப் பொருள்படும் 'ஹாஸ்பிட்டாலே' தோன்றிப் பழைய பிரெஞ்சு மொழிவழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஹோட்டல், ஹாஸ்டல் ஆகியனவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

தொடக்கத்தில் யாத்திரிகருக்கும் வறியவருக்கும் முதியவருக்கும் புகலிடம் தந்த அறநிலையங்களையே இச்சொல் சுட்டியது. மருத்துவப் பொருள் பிற்காலத்தில் மேலோங்கியது. பழம்பொருளின் எச்சம் சில பெயர்களில் தங்கியுள்ளது. 1552இல் லண்டனில் நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் ஒரு பள்ளி. 1682இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் தோற்றுவித்த செல்சி ராயல் ஹாஸ்பிட்டல் ஓய்வுபெற்ற படைவீரரின் இல்லம்.

பிரிட்டிஷ் வழக்கில் 'இன் ஹாஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருப்பதையும், இடையில் 'தி' சேர்த்தால் அக்கட்டடத்துள் இருப்பதையும் குறிக்கும். அமெரிக்கர் இரண்டிற்கும் 'தி' சேர்ப்பர். தமிழ் இவ்வேறுபாட்டை வினைச்சொல்லால் காட்டுகிறது: குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் 'ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்' என்றால், அவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருப்பதில் கேட்பவருக்கு ஐயமே எழாது.

சொல் அயலதாயினும் பொருள் தமிழகத்திற்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையை, அதாவது நோயாளர்க்கான இடத்தைப் பதிவு செய்துள்ளது. எனினும் பேச்சுவழக்கில் நிலைத்தது ஆஸ்பத்திரியே. இலங்கைத் தமிழரின் அலுவல் வழக்கு வைத்தியசாலை என்பதாகும்.

ஆஸ்பத்திரி என்னும் பெயர் மக்கள் வழக்கில் வேரூன்றியதற்கு நெய்யூர் மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டு. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தின் சார்ல்ஸ் மீட் 1828இல் குடியேறியபின், 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஜான் லோ 1860களில் உள்ளூர் இளைஞரை மருத்துவ உதவியாளராகப் பயிற்றுவித்தது, மேனாட்டு மருத்துவம் ஊர்ப்புறங்களுக்குப் பரவப் பெரிதும் உதவிற்று. எவரெஸ்ட் ஏற்றக் குழுவினரான தியோடர் ஹோவார்டு சாமர்வெல், 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்து இங்கு வந்தபோது நோயாளர் நெருக்கடியைக் கண்டு, லண்டன் வாழ்வைத் துறந்து இங்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 'நெய்யூர் ஆஸ்பத்திரி' என மக்கள் அழைக்கும் இந்நிறுவனம் தென்னிந்தியத் திருச்சபையின்கீழ் இன்றும் இயங்கிவருகிறது.