பென்னிகுவிக் மனைவியின் நகை

இன்னைக்கு எபிசோட்ல ஒரு கதையை உரசிப் பார்க்கப் போறோம். கம்பம் பள்ளத்தாக்குல பிறந்த யாருக்கும் இது தெரியும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்ட அரசாங்கம் பணம் தர மறுத்துச்சு, கர்னல் பென்னிகுவிக் லண்டன் போய் தன் சொத்தை வித்தார், மனைவியோட நகையையும் வித்தார், அந்தக் காசுல அணை எழும்புச்சு. சுருளிப்பட்டியில என் அப்பத்தா சொல்லி நான் கேட்டது இதுதான். பொம்பளைகள் சொல்லும்போது நகை கொஞ்சம் கூடுதலா இருக்கும்.

நன்றி உண்மையானது, அதுல சந்தேகமே இல்லை. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பாலார்பட்டி மாதிரி ஊர்கள்ல அன்னைக்கு அவருக்காகப் பொங்கல் வைக்கிறாங்க. பிள்ளைகளுக்கு அவர் பெயரே இருக்கு. ஆனா அணைக்குச் செலவழிச்சது சென்னை மாகாண அரசு. 1886-ல திருவிதாங்கூரோட 999 வருஷக் குத்தகை போட்டதும் அந்த அரசாங்கம்தான், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர்.

அப்போ நகைக் கதை ஏன் வந்துச்சு? பெரிய மனுஷன்னா தன்னைத் தாழ்த்திக்கணும், வீட்டுச் சொத்தை ஊருக்குக் கொடுக்கணும்னு நம்ம மண்ணுக்கு ஒரு ஆசை. நல்ல ஆசைதான். எனக்கு இடறுறது வேற. அந்த நகை யாரோடது? அவங்க பேரு கிரேஸ் ஜார்ஜினா. 1879-ல கல்யாணம், அஞ்சு பெண்கள், ஒரு பையன். கதையில அவங்களுக்குப் பேரே கிடையாது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா, அந்த ஆறு பிள்ளைகளை நினைச்சாரான்னு கதை சொல்றதும் இல்லை. மனைவியோட சொத்தைத் தூக்கிக் கொடுத்துட்டுப் பேரை மட்டும் தான் வாங்கிக்கிற ஆளை நம்ம வீட்டுல தியாகின்னா சொல்லுவோம்? குடும்பத் தலைவன்கிற பழைய அகந்தைதான் அது, மேல பணிவுச் சட்டை போட்டிருக்கு.

அவர் கிறிஸ்தவர், அதனால அவங்க வேதத்தையே எடுத்துக்குவோம். எபேசியருக்கு எழுதின நிருபத்துல பவுல் கணவனுக்கு வைக்கிற அளவுகோல், கிறிஸ்து சபைக்காகத் *தன்னையே* கொடுத்தது. அங்க கொடுக்கப்படுறது அவளோடது எதுவும் இல்லை, அவன்தான். இந்த அளவுகோலை வெச்சு கர்னலைப் பார்த்தா, நகையே தேவைப்படலை.

அவர் வளர்ந்த வீடு அப்படி. அப்பா பிரிகேடியர். 1849 ஜனவரியில சில்லியன்வாலா போர்ல அப்பாவும், பதினேழு வயசு அண்ணனும் ஒரே நாள்ல செத்தாங்க. இவருக்கு அப்போ எட்டு வயசு ஆக ரெண்டு நாள் பாக்கி. வீரமரணம், பெருமை எல்லாம் கண் முன்னாடி இருந்த குடும்பம். இவருக்குக் கிடைச்சது சுண்ணாம்பும் சுர்க்கியும். 1808-லயே கேப்டன் கால்டுவெல் நடக்காத காரியம்னு ஒதுக்கின திட்டம் அது. 1882-ல இவர் கைக்கு வந்துச்சு, 1887-ல வேலை ஆரம்பிச்சுச்சு. மழைக்காலத்துல ஆத்துல கை வைக்க முடியாது. கட்டினதை வெள்ளம் அடிச்சுட்டுப் போகும், திரும்ப முதல்ல இருந்து. மலைக் காய்ச்சல் வேற. ஆறு கிட்ட தோத்துத் தோத்துத்தான் கட்டினாங்க, 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் திறந்து வைக்கிற வரைக்கும். ஆத்துக்கு முன்னாடி பதவிக்கு மதிப்பு ஏது!

அதோட, அவர் தனியாளும் இல்லை. மெட்ராஸ் பயனியர் படை இருந்துச்சு, கொச்சித் தச்சர்கள் இருந்தாங்க, ஊர் ஊரா வந்த கூலிகள் இருந்தாங்க. அணையோட வரலாற்றை 1899-ல புத்தகமா எழுதினதே கூட வேலை செஞ்ச இன்ஜினியர் மெக்கன்சிதான்.

கர்னல் 1911-ல இறந்தார், கல்லறை இங்கிலாந்துல ஃப்ரிம்லி தேவாலயத்துல. லோயர் கேம்ப்ல 2013-ல அவருக்கு மணிமண்டபமும் வந்துச்சு. அணைக்கு வடக்கே இன்னொரு கல்லறைத் தோட்டம் இருக்கு. கட்டுமானத்தப்போ நோயில செத்தவங்க 483 பேர்னு கணக்கு. அதுல எத்தனை பேர் கணவன், எத்தனை பேர் அப்பா? வீட்டுல காத்திருந்தவங்களுக்குச் சேதி எப்படிப் போச்சு? அவங்களுக்குன்னு நம்ம ஊர்ல இன்னும் ஒரு பானை பொங்கல் பொங்கலை.