மணிக்கொரு திசை கொண்ட மலைச்சாலை



லாபிஸ் வழியே ஒற்றைத் தண்டவாளம் மட்டுமே இருந்த காலத்தில், எதிரே வரும் தொடர்வண்டி கடந்து செல்லும்வரை மற்றொரு வண்டி நிலையத்தில் காத்து நின்றதை நம் ஊரார் அறிவர். நம் நாட்டின் மலைச்சாலை ஒன்றும் இவ்வாறே இயங்கியது.

பகாங் மாநிலத்துப் பிரேசர் மலைக்குக் கேப் என்னுமிடத்திலிருந்து ஏறும் பழைய சாலை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுடையது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். எதிரெதிரே வரும் வாகனங்கள் விலக இடமில்லை. ஆகவே இரு முனைகளிலும் தடுப்புக்கதவு அமைத்து, ஒரு மணி ஏறுவோருக்கு, அடுத்த மணி இறங்குவோருக்கு என வகுத்தனர். பின்னர் இறங்குவதற்கெனத் தனிச்சாலை வந்தது. மண்சரிவால் அது மூடப்பட்டபோது பழைய முறையே கைகொடுத்தது.

1951 அக்டோபர் 6-இல் பிரித்தானிய உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டது இம்மலைக்குச் செல்லும் வழியில்தான். அந்நிகழ்வை வரலாறு பதிந்து வைத்துள்ளது. ஆனால், மணிக்கொரு முறை திசை மாறிய சாலையை அச்சு வரைபடத்தில் எவ்வாறு காட்டுவது? ஓர் அம்புக்குறி இட்டால் பாதி நாள் அது பொய்யாகிவிடும். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்டிரீட்மேப் என்னும் இணைய வரைபடத்திலோ, சாலை திசை மாறுவது என்பதையும் அதற்குரிய நேரத்தையும் குறிக்க இயலும்.

வரைபடம் கற்பிக்கையில் 'எங்கே?' என்பதோடு 'எப்பொழுது?' என்றும் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.