மட்கார்டுக்கு இடம் விட்ட சைக்கிள்

கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு சாலை சைக்கிள் வைத்துக்கொள்வது பிரிட்டனில் இன்று சர்வசாதாரணம். இலையுதிர்காலம் முடிகிறபோது நல்ல வண்டியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, மட்கார்டு போட்ட மட்டமான வண்டியை வெளியே எடுப்பார்கள். இது காலங்காலமாக வந்த முறை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் 1930களிலிருந்து 1950களின் இறுதிவரை அந்நாட்டுச் சைக்கிள் சங்கங்களில் சேர்ந்திருந்த சாதாரண உறுப்பினரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே வண்டிதான். அதில்தான் வேலைக்குப் போனார், விடுமுறைப் பயணம் போனார், பந்தயமும் ஓடினார். அந்த வண்டி அத்தனைக்கும் ஈடுகொடுத்ததன் ரகசியம் ஃப்ரேமின் எடையிலோ கியர்களின் எண்ணிக்கையிலோ இல்லை. டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே விட்டிருந்த கொஞ்சம் காலியிடத்தில் இருந்தது. அந்த இடம் குறைந்த பிறகுதான் இரண்டாவது வண்டி தேவைப்பட்டது என்பதை அந்தச் சைக்கிள்களின் வரலாறே காட்டுகிறது.

அந்த வண்டியை உருவாக்கியது பிரிட்டனின் விசித்திரமான பந்தய முறை. பலர் கூட்டமாகச் சாலையில் பாய்ந்தால் போலீஸ் தலையிட்டு சைக்கிளையே சாலையிலிருந்து விரட்டிவிடும் என்று பயந்த தேசிய சைக்கிள் சங்கம், 1890களில் சாலைப் பந்தயங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. அதற்கு மாற்றாக, ஒவ்வொருவரையும் தனித்தனியே இடைவெளி விட்டு அனுப்பி நேரத்தை மட்டும் கணக்கிடும் முறையை எஃப். டி. பிட்லேக் 1895 அக்டோபரில் நடத்திக் காட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு பிரிட்டிஷ் சாலைப் பந்தயம் என்றால் ஏறக்குறைய அதுதான். யார் கண்ணிலும் படாமல் இருக்க ஞாயிறு விடியற்காலையில் ஓடினார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை போட்டார்கள். பாதையின் பெயரைச் சொல்லாமல் குறியீட்டு எண்ணால் குறித்தார்கள். அந்த நேரத்தில் ஊர்ப்புறத்துக்கு ரயில் கிடைக்காது, தொழிலாளியிடம் காரும் கிடையாது. முதல் நாள் மாலையிலோ நள்ளிரவுக்குப் பிறகோ வீட்டிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பி, பந்தயம் ஓடி, அதே வண்டியில் திரும்ப வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான்.

இந்தக் கட்டாயம் வண்டியின் ஒவ்வொரு பாகத்திலும் பதிந்திருக்கிறது. முன்சக்கர அச்சின் இருபுறமும் சிறு தாங்கிகள் பூட்டி, ஆளுக்கொரு ஜோடி மெல்லிய பந்தயச் சக்கரங்களைச் செங்குத்தாக மாட்டிக்கொண்டு போவார்கள். சீட்டுக்குப் பின்னால் துணிப்பை, அதில் ஸ்பேனரும் மாற்று உடையும். பந்தயம் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் ரெக்கை நட்டுகளைக் கையால் திருகி மட்கார்டுகளைக் கழற்றுவார்கள், பையை இறக்குவார்கள், சக்கரங்களை மாற்றுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலாக இருந்த 27 அங்குலப் பயணச் சக்கரத்தின் ரிம், டயர் உட்காரும் இடத்தில் 630 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பந்தயச் சக்கரமோ 622. ஆரத்தில் வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான். பிரேக் கட்டையைத் தளர்த்தி அந்த அளவுக்கு இறக்கி முடுக்கினால் வேலை முடிந்தது. இதற்கு பிரேக் கைகள் நீளமாக இருக்க வேண்டும், ஃபோர்க்கின் தலைக்குக் கீழே இடம் இருக்க வேண்டும். பின்சக்கர அச்சு உட்காரும் பிளவும் நீளமாக, முன்நோக்கிச் சரிந்து வெட்டப்பட்டிருந்தது. அதனால் கியர் சக்கரத்தையும், பெடலோடு சேர்ந்தே சுற்றும் ஃபிக்சட் சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி செயினை இறுக்க முடிந்தது.

குளிர்காலம் வந்தால் வண்டி மாறவில்லை, பின்சக்கரம்தான் மாறியது. ஃபிக்சட் சக்கரத்தின் ஒற்றைக் கியரில் சேறு புகுந்து கெடுக்க அதிகம் எதுவும் இல்லை. வழுக்கும் சாலையில் வேகத்தைக் காலாலேயே அடக்கலாம். வசந்தத்தின் முதல் பந்தயங்கள் சிலவற்றில் 72 அங்குலத்துக்கு மேற்பட்ட கியர் கூடாது என்றே விதி இருந்தது. பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 5.7 மீட்டர் நகரும் கியர் அது. குளிர்காலம் முழுக்க மிதித்த கியரும் பந்தயக் கியரும் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. பின் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டு தொங்கும். பின்னால் வருபவர் முகத்தில் சேறு அடிக்காமல் இருக்க அதைக் கட்டினார்கள். சங்கத்தோடு சேர்ந்து ஓட்டும்போது இது மரியாதை சார்ந்த விஷயம்.

இதெல்லாம் ஏழ்மையின் ஏற்பாடுதானே, இரண்டாவது வண்டிக்குக் காசு இருந்திருந்தால் அவர்களும் வாங்கியிருப்பார்களே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பணத் தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால் வசதியுள்ளவர்கள் வேறு மாதிரி வண்டியைக் கேட்டிருக்க வேண்டும். பிரான்ஸில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1930களின் நடுவிலிருந்து மலைச்சாலைகளில் சைக்கிளின் தரத்தைச் சோதிக்கும் போட்டிகள் நடந்தன. மட்கார்டு, விளக்கு எல்லாம் மாட்டிய வண்டி எவ்வளவு லேசாக இருக்கிறது, கரடுமுரடான பாதையில் எதுவும் கழன்று விழாமல் தாங்குகிறதா என்பதுதான் பரீட்சை. முழுச் சாமான்களோடும் 10 கிலோவுக்குக் குறைவான வண்டிகள் அங்கே உருவாயின. அலெக்ஸ் சிங்கர், ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்களிடம் அதிக விலை கொடுத்து அவற்றைச் செய்துவாங்கியவர்கள் ஏழைகள் இல்லை. விலை உயர உயர மட்கார்டு காணாமல் போவது ஒரு காலத்தின் ரசனை, இயந்திரத்தின் தேவை இல்லை என்பதற்கு அந்த வண்டிகளே சாட்சி.

பிரிட்டனில் அந்த ரசனையைக் கொண்டுவந்தது முதலில் கார். 1950-ல் சுமார் 20 லட்சமாக இருந்த தனியார் கார்கள் 1970-ல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. பந்தய வண்டி காரிலேயே பயணம் செய்யத் தொடங்கியதும், மழையில் 60 கிலோமீட்டர் கடந்து போய்ச் சேர வேண்டிய கடமை அதற்கு இல்லாமல் போனது. அடுத்தது இத்தாலிய மோகம். 1968-ல் கம்பக்னோலோ நிறுவனம் வெளியிட்ட பிரேக்கும் அதைப் பின்பற்றி வந்தவையும் கை குட்டையாகிக்கொண்டே போயின. பின்னாளில் 39 முதல் 49 மில்லிமீட்டர் எட்டுகிற பிரேக்குகளே பந்தய வண்டியின் பொது அளவாயின. அந்த அளவில் ஒல்லியான டயர் நுழையும், அதற்கு மேல் மட்கார்டு நுழைவது பெரும்பாடு. மட்கார்டுக் கம்பியைத் திருகும் சிறு துளைக் காதுகளை அரம் போட்டுத் தேய்த்து எடுத்தவர்களும் உண்டு. பந்தயமே ஓடாதவர்கள்கூட அப்படிச் செய்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

உப்பு என்பது இன்னொரு ஆட்சேபம், வலுவானதும்கூட. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மணலும் நல்ல வண்டியைத் தின்றுவிடும், அதற்குப் பலிகொடுக்கத்தான் இரண்டாவது வண்டி என்கிறார்கள். ஆனால் உப்பு முதலில் தின்பது செயினையும் பல்சக்கரத்தையும், மணல் அரைப்பது ரிம்மை. இவை எல்லாமே மாற்றக்கூடியவை. மட்கார்டு இருந்தால் அந்தச் சேற்றில் பெரும்பகுதி செயின்மேல் படாது. ரிம் தேயும் பிரச்சினையை டிஸ்க் பிரேக் தீர்த்துவிட்டது. அங்கே தேய்வது தகடும் பிரேக் கட்டையும்தான். உலக சைக்கிள் சம்மேளனம் 2018-ல் சாலைப் பந்தயத்தில் அதை முழுமையாக அனுமதித்த பிறகு, பிரேக் கையின் நீளம் டயரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் நிலை முடிவுக்கு வந்தது. 1950களில் இருந்த காலியிடத்தைத் திரும்பத் தர இன்று தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1935-ல் 531 என்ற புகழ்பெற்ற குழாயைக் கொண்டுவந்த ரெனால்ட்ஸும், ஹெர்குலிஸ் சைக்கிளும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கீழ் இருந்தவை. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். தடித்த டயரும் முழு மட்கார்டும் போட்டு அங்கிருந்து வந்த கறுப்பு வண்டியை வாங்கிய எவரும் ஐப்பசி மழைக்கென்று தனி வண்டி தேடவில்லை.

ஆண்டு முழுவதும் ஓட்ட ஒரே சாலை சைக்கிள் வாங்கப் போகிறவர், எடையைக் கேட்பதற்கு முன் 32 மில்லிமீட்டர் டயரும் அதன்மேல் மட்கார்டும் நுழையுமா என்று கேட்க வேண்டும். ஃபோர்க்கின் நுனியிலும் பின்சக்கர அச்சின் அருகிலும் கம்பி திருகத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.