நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும் நேரம்

தமிழ்நாட்டில் அரசு அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. நன்னடத்தை அலுவலருக்கும் ஏட்டளவில் அதுவே.

ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில், 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் இவரது அறிக்கையைக் கோரியாக வேண்டும் என்கிறது குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958இன் 6ஆம் பிரிவு. சிறார் வழக்கில் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள்களே கெடு.

நண்பகலில் சேரிக்குச் செல்லும் அலுவலர் பூட்டிய வீட்டையே காண்பார். தாயும் தந்தையும் கூலிவேலைக்குச் சென்றிருப்பர். இரவு 7 மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையிலோ சென்றால்தான் குடும்பத்தைக் காண இயலும். அவ்வாறு செல்லாமலே எழுதப்படும் ‘பெற்றோர் கண்காணிப்பு இல்லை’ என்ற ஒற்றை வரி, ஓர் இளைஞனின் விடுதலையைப் பறித்துவிடக் கூடும். ஆகவே, விசாரணை நடந்த நாளையும் மணியையும் வழக்குரைஞர் கேட்டாக வேண்டும். அறிக்கை இரகசியமானதுதான், எனினும் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, உரிய சான்றளிக்க அவருக்கு வாய்ப்பளிக்கும் அதிகாரத்தை 7ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு வழங்கியுள்ளது.