பொத்தானை அழுத்திய பிறகு

1988 ஜூலை 6, இரவு பத்து மணி. ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், வட கடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் முதல் வெடிப்பு. ஒரு பம்பிலிருந்து பராமரிப்புக்காகக் கழற்றிய பாதுகாப்பு வால்வு இன்னும் திரும்பப் பொருத்தப்படவில்லை என்ற சேதி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேராததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பம்பை ஓடவிட்டதில் வாயு கசிந்து தீப்பிடித்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். கிணறுகளிலிருந்து வந்த ஓட்டம் நின்றது. ஆனாலும் அன்றிரவு 167 பேர் மாண்டார்கள்.

தீக்கு இரை வெளியிலிருந்து வந்தது. டார்டன், கிளேமோர் ஆகிய மேடைகளின் குழாய்கள் பைப்பரோடு இணைந்திருந்தன. கடலடியிலிருந்து மேடைக்கு ஏறிவரும் குழாயை ரைசர் என்பார்கள். டார்டன் ரைசரின் அவசர வால்வு மேடையின் மேல் இருந்தது. அதை எவ்வளவு இறுக்கி மூடினாலும், அதற்குக் கீழே டார்டன் வரை நீளும் குழாயில் உயர் அழுத்த வாயு நிறைந்தே இருக்கும். தீ தின்றது அந்தப் பகுதியைத்தான். 10.20க்கு எஃகு இளகிக் குழாய் பிளந்தது. அதன் பிறகு அந்தத் தீயை அணைக்க மனிதரால் ஆகாது.

பைப்பர் எரிகிறது என்று தெரிந்தும் கிளேமோர் எண்ணெய் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. அந்தத் தயக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பைப்பரில் டீசல் தீயணைப்புப் பம்புகளும் தாமாக ஓடவில்லை. கடலுக்குள் இறங்கும் முக்குளிப்பவர்களை அவை உறிஞ்சிவிடக் கூடாது என்று கையால் இயக்கும் நிலையில் வைத்திருந்தார்கள்.

1989இல் பிரிட்டன் விதி கொண்டுவந்தது: ரைசரின் அவசர வால்வு முடிந்த மட்டும் கடல் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். இந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990 நவம்பரில் 106 பரிந்துரைகளோடு வந்தது.

வால்வின் இடத்தை மாற்றியதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலான அவசர வால்வுகளைக் காற்று அல்லது எண்ணெய் அழுத்தம்தான் திறந்து பிடித்திருக்கும். அழுத்தம் போனால் சுருள்வில் மூடிவிடும். மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும் வால்வு உள்ளே இறுகிப்போயிருந்தாலும் வெளியே தெரியாது. மூடிப் பார்த்தால்தான் தெரியும். முழுதாக மூடினால் உற்பத்தி நிற்கும். அதனால் கொஞ்சம் மட்டும் அசைத்துப் பார்க்கும் சோதனை வழக்கத்துக்கு வந்தது. வால்வின் தண்டு நகர்கிறதா என்பதை அது சொல்லும்; முழுதாக மூடியபின் கசிகிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு உற்பத்தியை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

(தொடரும்)