திரைக்குப் பின்னே ஒரு குரல்

ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுத்தறிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட காலம் ஒன்று நம் தோட்டங்களில் இருந்தது. படித்துச் சொன்னவருக்கு வீட்டு இரகசியமும் தெரிந்துவிடும். அவர் எதையாவது விட்டுப் படித்தாலும் கேட்டவருக்குத் தெரியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் அந்த நிலை மாறிற்று. பார்வையற்றவர்களுக்கோ, எவ்வளவு அறிவிருந்தும், அது மாற நெடுங்காலம் ஆயிற்று. பிறர் வாயை நம்பாமல் அவர்கள் தாமே படிக்க வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1809-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் வீட்டில் லூயி பிரெய்ல் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது தோல் துளைக்கும் ஊசி கண்ணில் குத்திற்று. இரண்டு கண்களும் போயின. பின்னர் பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது, சார்லஸ் பார்பியே என்ற இராணுவ அதிகாரி அமைத்த பன்னிரண்டு புள்ளி எழுத்தை அறிந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். 1829-இல் அம்முறை நூலாக வெளிவந்தது. ஆயினும் அவர் படித்த பள்ளியிலேயே அந்த எழுத்து சில காலம் தடை செய்யப்பட்டிருந்தது. கண்ணுள்ள ஆசிரியர்களுக்குப் பிடிக்காத எழுத்தை மாணவர்கள் மறைவாக எழுதிப் பழகினார்கள். இதை ஓர் ஆசிரியனாகிய நான் சொல்லத்தான் வேண்டும்.

தமிழுக்கு இவ்வெழுத்து பாளையங்கோட்டையில் வேரூன்றியது. அங்கே 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு 1951-இல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக பாரதி பிரெய்ல் என்னும் முறை வகுக்கப்பட்டது. எந்த மொழியானாலும் ஓர் ஒலிக்கு ஒரே வடிவம். 'கொ' என்று அச்சில் எழுதும்போது நாம் 'க'வுக்கு முன்னும் பின்னும் குறி போடுகிறோம். புள்ளியெழுத்தில் அந்த வேலை இல்லை. முதலில் 'க', அடுத்து 'ஒ', அவ்வளவுதான். நாம் ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படித்துக்கொண்டு போகும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கொம்புக்கும் காலுக்கும் போராடும் எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் நாட்டில் 1926-இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு மாறிற்று. 1948-இல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளியும், 1951-இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கமும் அமைந்தன.

புள்ளியெழுத்துக்கு ஒரு குறை உண்டு. நாம் கையில் பிடித்துப் படிக்கும் ஒரு புத்தகம் அதில் பல தடித்த தொகுதிகளாக விரிந்துவிடும். கணினி வந்தபோது, திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பான் பிறந்தது. 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் அத்தகைய ஒன்றை அமைத்தார். பார்வையிழந்த டெட் ஹென்டர் உருவாக்கிய ஜாஸ் 1989-இல் வெளிவந்தது. அக்காலத்துத் திரையில் எழுத்து மட்டுமே இருந்ததால் வேலை எளிது. பின்னர் விண்டோஸ் வந்து திரை முழுவதும் படமாயிற்று. கண்ணுள்ளவர்களுக்கு அது வசதி, மற்றவர்களுக்கோ நடந்து பழகிய பாதையை ஒரே இரவில் வெட்டிப்போட்டது போலாயிற்று. 1995-இல் ஜாஸ் விண்டோஸிலும் பேசத் தொடங்கியது. அதே ஆண்டில், பதினான்காம் வயதில் பார்வையிழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்த டி.வி. ராமன் ஈமேக்ஸ்பீக் என்பதை வெளியிட்டார். திரையில் வரைந்ததைப் பார்த்துப் படிப்பதை விட, எழுதும் நிரலே நேராகப் பேசட்டும் என்பது அவர் வழி. 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்தார். அதற்கு விலை இல்லை. தமிழையும் படிக்கும். குரல் இயந்திரக் குரல்தான், ஆனாலும் பழகிய காதுக்குப் போதும். கூலிக்கு உழைக்கும் குடும்பத்துக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய செய்தி இதுதான் என்பேன்.

இப்பொழுது கதையின் சிக்கலான பகுதிக்கு வருகிறோம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை அமைக்க முடியும். அதனை மெய்நிகர் கணினி என்பார்கள். 1967-இல் ஐ.பி.எம். உருவாக்கிய சி.பி.-40 என்ற முறையில் ஒரே இயந்திரம் பதினான்கு இயந்திரங்களாக நடந்துகொள்ள முடிந்தது. ஒவ்வொருவரும் முழு இயந்திரமும் தமக்கே என்று எண்ணி வேலை செய்யலாம். ஒரே கொட்டகையைக் கரும்பலகைகளால் தடுத்து நான்கு வகுப்பு நடத்துவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இவ்வசதியைச் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. இன்னொரு கணினி வாங்கக் காசில்லாதவர், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கற்கலாம். உள்ளே ஏதேனும் கெட்டாலும் பொதுவாக வெளியிலிருக்கும் கணினிக்குப் பழுதில்லை.

ஆனால் கொட்டகைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. எங்கள் கொட்டகையில் மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு ஆறாம் வகுப்பு வரை கேட்கும். இங்கே தடுப்பைத் தாண்டி எதுவும் போகாது. வெளியே இருக்கும் திரைவாசிப்பானுக்கு உள்ளிருக்கும் கணினி ஒரு படமாகவே தோன்றும். எழுத்து இருப்பதே அதற்குத் தெரியாது. ஆகவே உள்ளேயும் தனியாக ஒரு திரைவாசிப்பான் வேண்டும். அதன் குரல் கற்பனையான ஒலி அட்டை வழியாக வெளியே வரவேண்டியிருப்பதால், சிலவேளை தாமதிக்கும், சிலவேளை திக்கும். ஒவ்வொரு எழுத்தையும் காதால் கேட்டுத் தட்டச்சு செய்கிறவருக்கு அரை நொடித் தாமதமும் பெரிய இடறல். அன்றியும், இரண்டு வாசிப்பான்களும் கட்டளைக்கு இன்ஸர்ட் அல்லது கேப்ஸ் லாக் விசையையே எதிர்பார்க்கும். வெளியில் இருப்பது அவ்விசையை முதலில் பிடித்துக்கொள்ளும். இதற்காகவே என்.வி.டி.ஏ.யில் உறங்குநிலை என்ற ஒன்று உண்டு. உள்ளே போகும்போது வெளியில் இருப்பதைத் தூங்க வைத்துவிட்டால் விசைகள் உள்ளே செல்லும், ஒரே குரலும் கேட்கும்.

எஞ்சியது தொடக்கம். உள்ளே இன்னும் எதையும் நிறுவாதபோது பேசுவது யார்? பல காலம் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கண்ணுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருந்தது, பழைய கடிதக் கதை போல. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் அதற்கும் வழி செய்தார்கள். நிறுவும் பட்டியல் தோன்றியதும் ஒரு சிறு ஒலி கேட்கும். அப்போது 's' என்ற எழுத்தையும், பிறகு என்டர் விசையையும் அழுத்தினால் கணினி பேசத் தொடங்கும்.